சுவர்க்கோழி விரட்டிய வீடு

ஆலைக் குடியிருப்பில் வயசாளி ஆண்பிள்ளை எவனுக்கும் சுவர்க்கோழிச் சத்தம் கேட்காது. பருத்தி அரவை ஆலையின் இயந்திரங்களுக்கு நடுவே இளமையைத் தொலைத்துவிட்டு வந்தவர்கள். பேச்சு கேட்கும், லாரி வருவது கேட்கும், பள்ளிவாசல் அழைப்பு கேட்கும். கீச்சென்று மெல்லிசாக வரும் எதுவும் காதில் ஏறாது. அடுப்பில் கெட்டில் விசிலடித்துத் தண்ணீர் வற்றும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருப்பார்கள். இதில் வெட்கம் கிட்டம் கிடையாது. "ஆலைக் காது" என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்கள், ஏதோ போரில் வாங்கிய பதக்கம் மாதிரி. வீட்டுக்காரியின் காதை இரவல் வாங்கிக் காலத்தை ஓட்டுவது அங்கே ரொம்பச் சாதாரணம்.

எகம்பெர்தியும் அப்படித்தான் ஓட்டினான். வாசலில் ஆள் வந்தால் அவன் மனைவி சனோபர் சொல்வாள், போன் அடித்தால் அவள் எடுத்துக் கையில் கொடுப்பாள். ஒரே மகள் மெஹ்ரி, கட்டிக்கொடுத்துக் கோகந்து நகரத்தில் இருந்தாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஜோடிக் காது போதுமென்று அவனே ஊரில் சொல்லிச் சிரிப்பான்.

இலையுதிர் காலம் வந்தால் அந்த ஊரில் சுவர்க்கோழிப் பிரச்சினையும் கூடவே வரும். வருந்தி வரவழைப்பது ஊர்க்காரர்கள்தான். பருத்தி பறித்து முடிந்ததும் காய்ந்த பருத்திமாறைக் கட்டுக்கட்டாக வண்டியில் ஏற்றிவந்து, குளிர்காலத்து அடுப்புக்கென்று வீட்டின் பின்சுவரில் சாய்த்து அடுக்குவார்கள். வயலில் கிடந்த சுவர்க்கோழியெல்லாம் அதோடு சவாரி செய்து வந்து இறங்கும். வெளியே குளிர ஆரம்பித்ததும் மண்சுவரில் எங்கே விரிசல் என்று பார்த்து உள்ளே நுழையும். பாட்டோடு விட்டால் பரவாயில்லை, பெட்டிமேல் அடுக்கியிருக்கும் பட்டு ரஜாய்ப் போர்வையையும் கொறித்துவைக்கும். அதனால் அந்த மாதம் முழுக்கப் பெண்கள் துடைப்பமும் கையுமாகத்தான் திரிவார்கள்.

அந்த வருஷமும் பருத்திமாறு வந்து இறங்கியது. அடுத்த சில நாளில், காலைத் தேநீரின்போது சனோபர் சொன்னாள்:

"ஏங்க, கண்ணையே மூட விடலீங்க."

"யாரு, நானா?"

"உங்க குறட்டையோடதான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கேன். அது இல்லீங்க. சுவர்க்கோழி. தலைமாட்டுச் சுவருக்குள்ள. என் இடது பக்கம். நிறுத்தாம கத்துது."

"அவ்வளவுதானா? அவனை நான் பார்த்துக்கறேன், மெஹ்ரியம்மா. நீ நிம்மதியா ரொட்டியைச் சாப்பிடு."

எகம்பெர்திக்கு ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிட்டால் அதைப் பிடித்த பிடியில் விடமாட்டான். ஆலை மூடிய பிறகு அவனிடம் யாரும் எந்த வேலையும் சொன்னதில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தான். ரஜாய்களையெல்லாம் முற்றத்தில் கொண்டுபோய் உதறினான், தரைவிரிப்பைச் சுருட்டினான், பெட்டியை நகர்த்தினான். பெட்டிக்குப் பின்னால் நிஜமாகவே சுவர்க்கோழிகள் இருந்தன, கறுப்பாக, மீசையை ஆட்டிக்கொண்டு. கொல்லச் சனோபர் விடமாட்டாள். தன் தொப்பியால் மூடிப் பிடித்து, ஒவ்வொன்றாகப் பக்கத்து வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்தான்.

மதிலுக்கு மேலே ஹம்ரோகுல்லின் தலை எழுந்தது. அவனும் ஆலைக்காரன்தான்.

"யோவ், உன் வீட்டுப் பாட்டுக்காரனையெல்லாம் என் வீட்டுக்கா அனுப்புற?"

"உனக்குத்தான் கேக்காதே. அப்புறம் என்ன?"

"எனக்குக் கேக்காதுய்யா. என் வீட்டுக்காரி சல்தனத்துக்குக் கேக்குமே. அவ அப்புறம் என்னைப் பிடிச்சு மதிலுக்கு இந்தப் பக்கம் எறிவா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து சனோபரும் சிரித்தாள். மறுநாள் காலை அவன் தேநீர்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டே, "நிம்மதியா தூங்கினியா?" என்று கேட்டான்.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க."

சரி, இருக்கட்டும். பருத்திமாறு அடுக்கு மொத்தத்தையும் பின்சுவரிலிருந்து பிரித்து, முற்றத்தின் கோடியில், மல்பெரி மரத்தடியில் கொண்டுபோய் அடுக்கினான். முதுகு விட்டுப்போனது. இன்னும் ஒன்று இருந்தது. இசிரிக் தழையைக் கொளுத்தி, கண் எரிய எரிய அறை அறையாகப் புகை காட்டினான். இன்னும் ஒன்று இருந்தது. வாசற்படி இடுக்கில் கந்தல் துணியைத் திணித்தான், அடுப்புக் குழாயைச் சுற்றிச் சாம்பல் தூவினான். சனோபர் அவன் பின்னாலேயே நடந்து, "இங்கே இல்லீங்க... இன்னும் மேல... தெரியலீங்க, இடது பக்கம்தான்" என்று வழி சொன்னாள். அவள் காதைக் கொண்டுதான் அவன் தேட வேண்டும். அவள் காட்டிய இடத்திலோ ஒன்றுமில்லை.

ஒருநாள் மாலை சல்தனத் வந்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே அக்கா."

"புது ஆள் காலடி பட்டதும் அது வாயை மூடிக்கும்" என்றான் எகம்பெர்தி. "திருட்டுப் பயல்."

அதுவும் உண்மைதான், சுவர்க்கோழியின் குணமே அதுதான். சல்தனத்தும் ஆமாமென்று தலையாட்டினாள். சனோபர் மட்டும் இடது காதை உள்ளங்கையால் பொத்தினாள், எடுத்தாள், மறுபடி பொத்தினாள். பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரில் ஒருவருக்காவது, பொத்திய பிறகு கேட்கிறதா என்று கேட்கத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை.

கடைசியில் எகம்பெர்தி ஹஷர் கூட்டினான். ஹஷர் என்றால் அக்கம்பக்கம் முழுக்க வந்து கைகொடுக்கும், வீட்டுக்காரன் ஓர் அண்டா புலாவ் போடுவான். வீடு கட்டக் கூட்டுவார்கள், கூரை மாற்றக் கூட்டுவார்கள். ஒரு சுவர்க்கோழிக்காக ஹஷர் கூட்டியவன் அந்த ஊர் வரலாற்றில் இவன் ஒருத்தன்தான். வந்தவர்கள் சும்மா இருப்பார்களா?

"பூச்சிக்கு இவ்வளவு ஏற்பாடு பண்றியே, புலி வந்தா ராணுவத்தையே கூப்பிடுவ போலிருக்கே!"

"பொண்டாட்டி தூங்கலைன்னா வீட்டையே பூசுறான். என் வீட்டுக்காரர் இருக்காரே, நான் செத்தாக்கூட விடியட்டும்னுதான் பார்ப்பார்."

கிண்டல் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். வைக்கோலை நறுக்கிப் போட்டுக் களிமண்ணை மிதித்துக் குழைத்தார்கள். உள்ளும் புறமும், உத்தரக்கட்டைகள் சுவரில் இறங்கும் இடமெல்லாம், ஈ நுழையவும் இடமில்லாமல் பூசினார்கள். எகம்பெர்தி கையுறை போடாமல் தன் கையாலேயே விரிசல் விரிசலாகத் தடவி அடைத்தான். குளிர்ந்த மண்ணில் விரலெல்லாம் வெடித்துப்போயிற்று. நடுவில் சனோபர் தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு வந்தவள், நேரே வராமல் இடது பக்கமாகச் சாய்ந்துபோய் நிலையில் இடித்துக்கொண்டாள். கிண்ணங்கள் சிதறின.

"தூக்கமில்லாம அக்காவுக்கு நடையே தள்ளாடுது பாருங்க" என்றாள் சல்தனத், துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே. "எல்லாம் அந்தப் பாழாப்போன பூச்சியால."

சுவர் காய்ந்தது. முதல் உறைபனியும் விழுந்தது. வயலிலும் முற்றத்திலும் இருந்த சுவர்க்கோழியெல்லாம் அதோடு செத்து ஒழிந்திருக்கும். எகம்பெர்தி படுக்கையைக்கூடப் பின்னறையிலிருந்து முன்னறைக்கு மாற்றிப் போட்டிருந்தான். பொன்னிறமாகப் புதுமெருகோடு நிற்கும் சுவரைப் பார்த்துக்கொண்டே காலையில் தேநீரை ஊற்றினான்.

"இப்போ எப்படி, மெஹ்ரியம்மா?"

சனோபர் தன் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "கோவிச்சுக்காதீங்க" என்றாள். "இன்னும் இருக்கு."

"எங்க இருக்கு?"

"அதே மாதிரிதான். இடது பக்கம்."

எகம்பெர்தி கிண்ணத்தை டொக்கென்று வைத்தான்.

"அந்த ரூம்லயும் இடது பக்கம், இந்த ரூம்லயும் இடது பக்கமா? உன் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே சுத்துதா அது? செவிட்டுப் பய, எதைச் சொன்னாலும் நம்புவான்னு என் காதுல பூ சுத்துறியா? கையைப் பாரு! பாரு! ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்குதுடி!"

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளைப் பார்த்து அப்படிக் கத்தியதில்லை. விடை அவன் வாயிலேயே வந்துவிட்டது. அந்த மனுஷனுக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். கோபத்தில் இருப்பவனுக்குத் தான் பேசுவது எங்கே கேட்கிறது? அதற்கு ஆலைக் காதுதான் வேண்டுமென்பதில்லை. சனோபர் விரிப்பில் சிந்திக் கிடந்த ரொட்டித் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் சேர்த்தாள்.

மறுநாள் காலை, அவன் கேட்காமலே சொன்னாள்: "ஏங்க, போயிடுச்சு."

"என்ன போயிடுச்சு?"

"சுவர்க்கோழிதான். ஒரு சத்தமும் இல்ல. நல்லா தூங்கினேன்."

எகம்பெர்திக்குத் தலைகால் புரியவில்லை. கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று இருந்தவன் அதையும் மறந்துபோனான். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு நேரே தேநீர்க்கடைக்குப் போனான். அன்றிலிருந்து தேநீர்க்கடையில் அவன்தான் சுவர்க்கோழி நிபுணன். களிமண்ணுக்கு எவ்வளவு வைக்கோல், எந்த இடுக்கை முதலில் அடைப்பது என்று கேட்க வேறு தெருவிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். ஹம்ரோகுல்லே ஒருநாள், "நீ ஜெயிச்சுட்டய்யா" என்று ஒத்துக்கொண்டான். எகம்பெர்தி மீசையை நீவிக்கொண்டான்.

வீட்டில் சனோபர் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். குளிரென்றாள். காலையில் வாந்தி எடுத்தாள். ஆட்டுக்கொழுப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். போன் அடித்தால் சில சமயம் எடுக்க மறந்தாள். அவன் எல்லாவற்றுக்கும் சரியென்றான், நல்லா தூங்குறாளே, அது போதாதா என்று இருந்தான்.

பனி மூடிய பிறகு மெஹ்ரி வந்தாள். அம்மாவுடன் ஒரே ரஜாயில் படுத்து விடிய விடியப் பேச வேண்டும் அவளுக்கு. மறுநாள் காலை எகம்பெர்தி முற்றத்தில் பருத்திமாறை முறித்துக்கொண்டிருந்தபோது, மேலுக்கு அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். முகம் சரியில்லை.

"அப்பா, நம்ம வீட்ல சுவர்க்கோழி இருக்கா?"

"இருக்காவா? நான் பூசின பூச்சுக்கு எறும்புகூட உள்ள வராது. உங்கம்மாவையே கேளு."

"அம்மாதான் கேட்டாங்க. 'இந்தச் சத்தத்துல நீ எப்படிம்மா தூங்குவ'ன்னு. தூக்கக் கலக்கத்துல கேட்டுட்டாங்க. நான் எழுந்து உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேம்பா. வீட்ல ஒரு பொட்டுச் சத்தம் இல்ல."

"அவதான் போயிடுச்சுன்னாளே."

"அவங்களுக்குப் போகலப்பா. நான் இடது பக்கம் படுத்துப் பேசினேன், ஒண்ணும் கேக்கல அவங்களுக்கு. நான் என்ன பேசினாலும் சும்மா தலையாட்டிக்கிட்டே இருந்தாங்க. வலது பக்கம் போய்ப் பேசினப்புறம்தான் பதில் வந்துச்சு." மெஹ்ரி அழத் தொடங்கியிருந்தாள். "சத்தம் சுவர்ல இல்லப்பா. அம்மா தலைக்குள்ள இருக்கு."

எகம்பெர்தி கையில் இருந்த பருத்திமாறை முறிக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. இந்த அறையிலும் இடது பக்கம், அந்த அறையிலும் இடது பக்கம். அவனே சொன்னதுதான்.

அன்றைக்கே கோகந்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தாஷ்கண்டுக்கு அனுப்பினார்கள். தாஷ்கண்டில் ஒரு பெண் டாக்டர், பொறுமையாக, அவனுக்காகக் குரலை உயர்த்தி, விளக்கிச் சொன்னாள். காதுக்குப் பின்னால், மூளையை ஒட்டி, ஒரு கட்டி. வேகமாக வளரும் ஜாதி.

"எப்போதிலிருந்து சத்தம் கேக்குதுன்னாங்க?"

"பருத்திமாறு வீட்டுக்கு வந்ததுலேர்ந்து" என்றான்.

டாக்டருக்குப் புரியவில்லை. மெஹ்ரிதான் மாதக் கணக்காக மாற்றிச் சொன்னாள். டாக்டர் படத்தை விளக்கருகே தூக்கி மறுபடி பார்த்தாள்.

"அப்பவே வந்திருந்தா எடுத்திருக்கலாம். இப்போ கத்தி போகக்கூடாத இடத்துக்குப் போயிடுச்சு. வலி தெரியாம பார்த்துக்க முடியும். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

அப்பவே என்பதை அவன் ரயிலில் ஊர் வந்து சேரும்வரை நினைத்துக்கொண்டிருந்தான். அப்போது அவன் சுவருக்குப் பின்னால் இருந்தான், புகைக்குள் இருந்தான், களிமண்ணில் இருந்தான். அவளுக்காகத்தான் இருந்தான். அதற்கப்புறம் தேநீர்க்கடையில் இருந்தான்.

வீட்டில் சனோபருக்கு எல்லாம் தெரியும், மெஹ்ரி மறைக்கவில்லை. தெரிந்த பிறகும் அவள் மாவு பிசைந்தாள், முடியாதபோது படுத்துக்கொண்டாள். ஹம்ரோகுல் வந்து மதிலோரம் நின்று, பழுத்த சீமைப் பனிச்சம்பழம் ஒரு கூடை வைத்துவிட்டுப் போனான். மெஹ்ரி சில நாள் இருந்து, குழந்தைகளைப் பார்த்துவிட்டு மறுபடி வருகிறேனென்று போனாள்.

அவள் போன அன்று பிற்பகல், வெயில் கொஞ்சம் எட்டிப்பார்த்தது. சனோபர் அடுப்போரம் படுத்திருந்தாள். எகம்பெர்தி வழக்கமான இடத்தில், அவளுக்கு இடது பக்கம், உட்கார்ந்திருந்தான். இப்போதெல்லாம் சத்தமாகப் பேசினால்தான் அவளுக்கு அந்தப் பக்கம் எட்டும்.

"இப்போ கேக்குதா, அது?"

"இல்லீங்க" என்றாள் சனோபர். "நின்னுடுச்சு."

அவள் முகத்தைப் பார்த்தான். இந்த முகத்தை அவன் ஏற்கெனவே பார்த்திருக்கிறான், போயிடுச்சு என்று சொன்ன அன்று காலையில். அன்றைக்குப் பார்த்தும் பார்க்காத முகம்.

"பொய் சொல்லாத, சனோபர்."

மகள் பிறந்த பிறகு அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவள் கண்ணைத் திறந்தாள்.

"இனிமே எங்கிட்ட பொய் மட்டும் சொல்லாத. என்னால தெரிஞ்சுக்க முடியாது. எனக்குக் கேக்காது. நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

"கேக்குதுங்க" என்றாள். "எப்பவும் கேக்குது. நின்னதே இல்ல."

எகம்பெர்தி தலையாட்டினான். கேட்கக் கூடாததை, ஆனால் கேட்காமல் இருக்க முடியாததை, அப்போது கேட்டான்.

"அன்னைக்குப் போயிடுச்சுன்னு சொன்னியே. நான் கத்தினதாலயா?"

இல்லை என்று அவள் சொல்வாளென்று காத்திருந்தான். அத்தனை வருஷத்தில் அவனை நோகடிக்கும் எதற்கும் அவள் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறாள். உப்புக் கரிக்கும் புலாவுக்கு இல்லை, கைக்கு எட்டாமல்போன சம்பளத்துக்கு இல்லை, பிறக்காமல்போன மகனுக்கு இல்லை.

"ஆமா" என்றாள் சனோபர்.



"ஊரே சிரிக்குதுன்னு சொன்னீங்க" என்றாள் அவள். "உங்களைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாதுன்னு நினைச்சேன். இப்படின்னு எனக்கு என்ன தெரியும்?"

எகம்பெர்தி அழுதான். வெடித்து ஆறாத கைகளை முகத்தில் வைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல், சத்தமாக அழுதான். சனோபர் தடுக்கவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பொய் சொல்லாதே என்று அவன்தானே கேட்டுக்கொண்டான்.

அழுது முடித்த பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "வலிக்குதா?"

"கொஞ்சம்."

"பயமா இருக்கா?"

"இருக்குங்க. ரொம்ப இருக்கு."

அவன் எழுந்தான். தன் மெத்தையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு அவளைச் சுற்றிவந்து, வலது பக்கத்தில் விரித்துப் படுத்தான். அந்தக் காதருகே வாயைக் கொண்டுபோய், கத்தாமல், சாதாரணக் குரலில் சொன்னான்:

"எனக்கும்."

அவளுக்குக் கேட்டது.